ஈயக்கல்லுக்குப் பூசிய விபூதி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் நிலவறை ஆய்வுக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. செவிலிமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போதே உடம்பு அசந்துவிடும். அங்கே ஆராய்ச்சி செய்த பெண், ஒரு படிகத்தைச் சுற்றி ஈயக்கற்களை அடுக்கி மூடி வைத்திருந்தாள். கரும்பொருள் என்று ஒன்று நம் எல்லோருக்கும் ஊடே போய்க்கொண்டே இருக்கிறதாம். என்றைக்காவது அது அணுவின் கருவில் இடித்தால் படிகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வருமாம். அதைப் பார்க்க, மற்ற கதிர் எதுவும் படிகத்தில் படக்கூடாது. படிகம் சுத்தம் என்று கணினி காட்டினால்தான் சுரங்கத்தில் உள்ள பெரிய கருவிக்கு எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய நான்கு வருட உழைப்பு அது.

ஆயுதபூஜையின்போது கற்களைப் பிரித்து வைத்திருந்தோம். எல்லா மெஷினுக்கும் விபூதி, குங்குமம் வைத்துவிட்டு இதை மட்டும் விட மனசு வரவில்லை. படிகத்தை ஒட்டி வரும் கல்லில் மூன்று விரலால் விபூதி இழுத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் சொல்லச் சொல்ல நானே அடுக்கினேன். சாம்பல் நிறக் கல்லில் சாம்பல் தெரியவில்லை.

அதிலிருந்து கணினி காட்டும் கதிர்க் கணக்கு ஏறிவிட்டது. மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"படிகமே கெட்டதுண்ணா. பொட்டாசியம் இருக்குது, அதுலருந்து கதிர் வருது. யாரும் வாங்க மாட்டாங்க."

"அது எதுலல்லாம் இருக்கும்மா?"

"வாழப்பழம், சாம்பல், எல்லாத்துலயும்தான்."

விபூதியும் சாம்பல்தானே. ஒப்பந்த வேலை; ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவார்கள். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள், படிகம் தேறவில்லை என்று சுரங்கத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். வாசலில் போய் நின்றேன்.

"இன்னாண்ணா, நின்னுக்கினே இருக்கீங்க?"

"உள்கல்லுக்கு விபூதி வெச்சேம்மா. பூஜையன்னிக்கி."

எழுதுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "குங்குமம்?"

"தீந்துபோச்சும்மா."

"அந்த மட்டும் பொழச்சோம். வாங்க, பிரிக்கலாம்."

ஒவ்வொரு கல்லும் பதினொரு கிலோ. பிரித்து, துடைத்து, மறுபடி அடுக்குவதற்குள் தோள் செத்துவிட்டது. ஐந்தாம் நாள் கணக்கு இறங்கியது. படிகம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. இதுவரை எதுவும் இடிக்கவில்லையாம்.

பேராசிரியரிடம், தான்தான் சரியாகப் பார்க்காமல் மூடிவிட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள். திட்டும் வாங்கியிருக்கிறாள். இது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது. அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அவர் படிப்பதற்காக எழுதியிருக்கிறேன்.

தை மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.