கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு வைத்த விருந்து

நான் கணினி கற்பிக்கும் புத்தளத்து நிறுவனத்தில் படித்து முடிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் படிப்புக்கான வேலை இங்கேயே உண்டாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். நான் எழுதிய பல கடிதங்களுக்குப் பின், கொழும்பு மென்பொருள் கம்பனி ஒன்று கிளை திறக்க இடம் பார்க்க வருவதாக அறிவித்தது.

அந்தக் கிளையை என் மாணவி ஒருத்தி மிகவும் நம்பியிருந்தாள். பாலாவி உப்பளங்களில் பாத்தி நீரின் உப்புச் செறிவை அளந்து தொலைபேசிக்கு அறிவிக்கும் செயலியைச் செய்தவள் அவள். அவளுடைய வாப்பா, போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவயதில் இங்கே வந்தவர். கலியாண வீடுகளில் சமைப்பவர். "ஒரு தரம் ஊர உட்டது போதும் சேர். புள்ளய வெளியூருக்கு அனுப்ப மாட்டன்" என்று என்னிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். இங்கே வேலை வந்தால்தான் அவளுக்கு வேலை.

விருந்தினர் வரும் நாளில் முதலில் சாப்பாடு என்றார் குழுத் தலைவரான ஹாஜியார். சமையல் அவளுடைய வாப்பாவிடம் போனது. உதவிக்கு அவளும் என் மற்ற மாணவிகளும் சமையலறைக்குள் போனார்கள். நிறுவன மண்டபத்தில் ஆண்கள் நாங்கள் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி, தட்டுக்கு ஆறு பேராக, வந்தவர்களோடு உட்கார்ந்தோம். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த பெண் அதிகாரிக்கு மட்டும் தனித் தட்டு வைத்தோம்.

"ஹாஜியார், கணினி அறையக் காட்டுவமா?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"மிஷின் ஆறாது சேர், சோறுதான் ஆறும். நம்மட சாப்பாடு ஒருக்கா உள்ளுக்குப் போனா, கம்பனியையே தூக்கிட்டு வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி இனிப்பான வட்டிலப்பமும் முடிந்தபோது அவர்கள் புறப்படும் நேரமாகிவிட்டது.

வாகனத்தில் ஏறப்போன அந்த அதிகாரி திரும்பி, "கடிதத்தில எழுதியிருந்த உப்புச் செயலியச் செய்தது யார்?" என்று கேட்டார்.

ஹாஜியார் சமையலறைப் பக்கம் பார்த்தார். கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு அவள் வந்தாள். ஈரக் கையைத் துடைத்து, என் தொலைபேசியில் செயலியைத் திறந்து, நின்றபடியே விளக்கினாள். அதிகாரி கேட்டவற்றுக்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள்.

"கிளை திறக்கிறதெண்டா வேலை தெரிஞ்ச பலர் வேணும். இண்டைக்கு நாங்க கண்டது உங்களை மட்டும்தான்" என்றார் அதிகாரி. "நீங்க கொழும்புக்கு வாங்க. உடனே எடுக்கிறன்."

அவள் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாகனம் போய்விட்டது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார்.

அவளுடைய வாப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சமையல் பாத்திரங்களை அடுக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், கொழும்புல பொம்புளப் புள்ளைகள் தங்க நல்ல எடம் இருக்கா?"

அவளை இந்த ஊரில் வைத்துக்கொள்ளத்தான் நான் அத்தனை கடிதங்களும் எழுதியிருந்தேன்.

"ஓம், இருக்கு" என்றேன். "நானே விசாரிச்சுச் சொல்றன்."