மூன்று வருஷம் யாரும் குத்திப் பார்க்காத விரல்

எடை பார்க்கிற வேலையில் மிஷின் எண்ணை மட்டும்தான் சொல்லும். திட்டுகிற வேலையை, சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனலட்சுமி அக்காவை மூன்று வருஷம் அப்படித்தான் திட்டினார்கள். முட்டி வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், "வாயைக் கட்டு" என்றார்கள். அசதி என்றார், அதற்கும் "வாயைக் கட்டு." கால் விரலில் பட்ட காயம் ஆறவில்லை என்றபோதும் அதே வைத்தியம்தான். அத்தனை பேரில் ஒருவர்கூட அவர் கைவிரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கவில்லை. திட்டியவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

நான் உணவியல் படிக்கும் முதுகலை மாணவி. எடை மிஷின், இடுப்பளவு டேப், பத்துப் பக்கப் படிவம், கூடவே ஒரு நர்ஸ் அக்கா. இந்தப் பரிவாரத்தோடு, உடல் பருமன் ஆய்வுக்காகக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆறு மாதம் டவுன் பஸ்ஸில் அலைந்தேன். மிஷின் மேல் ஏறியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற உங்களுக்கு என் கதை புரியும். நானும் இழுப்பேன்.

செருப்போடு ஏறியவர்

கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயி. செருப்பு, தோள் துண்டு, பையில் இரண்டு போன், எல்லாவற்றோடும் ஏறினார். எண்ணைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசியாக இடுப்பு பெல்ட்டும் வந்தது. எண் பெரிதாக அசையவில்லை. நர்ஸ் அக்கா பி.பி. பார்த்தார். அது எடையைவிட மோசம்.

"சாப்பாடு ஜாஸ்தியாயிடுச்சா ஐயா?" என்றேன். முப்பது வருஷமாக ஒரே சாப்பாடுதான் என்று சாதித்தார். தோண்டித் துருவியதில் விஷயம் வெளியே வந்தது. முன்பெல்லாம் மோட்டார் போட வரப்பு மேலேயே ஒரு நாளைக்கு மூன்று நடை. கரண்ட் போய் வந்தால் நாலாவது நடை. இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி போனில் அழுத்தினால் வயலில் தண்ணீர் பாய்கிறது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவரே முடித்துவிட்டார்: "மோட்டாருக்கு நடந்த நடை போச்சு பாப்பா, அந்த நடைக்குத் துன்ன சோறு மட்டும் அப்பிடியே நின்னுக்கினு இருக்குது."

சாமை போகும் வழி

வெள்ளிமலைக்குப் போகும்போது எனக்கு மூளை நிறையக் கற்பனை. மலை, சிறுதானியம், ஒல்லியான ஆரோக்கியமான மனிதர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்க் கடையில் சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் தொங்கியது. கலர் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன.

சாமை விதைக்கும் ஒரு பெண்ணிடம், "வாரத்துல எத்தனை நாள் சாமை சாப்பிடுறீங்க?" என்று படிவத்தில் இருந்ததைக் கேட்டேன். சிரித்தார். விளைந்ததை வியாபாரி வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகிறாராம்; உமி நீக்கிச் சமைக்க இங்கே யாருக்கு நேரம் என்றார். சொந்தச் சாமையைச் சாப்பிட வேண்டியதன் அவசியம் பற்றி நான் மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கீழ சக்கர வந்தவங்களுக்கு எங்க சாமை போவுது, எங்களுக்கு ரேஷன் அரிசி வருது, நாளைக்கு எங்களுக்குச் சக்கர வந்தா நீ இன்னா குடுப்ப?" அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை.

எதைக் குறைப்பது

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தையல் கம்பெனி. தனலட்சுமி அக்கா அங்கே சட்டைக் காலர் தைப்பவர். அவர் ஏறியதும், எண் நிற்பதற்குள், நான் ஒப்பித்தேன்: "அரிசியைக் குறைக்கணும்கா."

"சோறே துன்றதில்லமா," என்றார். "மூணு வருசமா மத்தியானம் டீயும் பிஸ்கட்டும்தான். வாயக் கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன். இன்னும் எதக் கொறைக்கிறது?"

பேனாவை வைத்துவிட்டேன். பசிக்கும்போதெல்லாம் சர்க்கரை போட்ட டீ, காலை முதல் சாயங்காலம் வரை எழுந்திருக்காத நாற்காலி. இதற்குப் பெயர் பெருந்தீனியா? நர்ஸ் அக்கா அவர் விரலைக் குத்தினார். எண் வந்ததும் எங்கள் முகம் மாறியது. காலைப் பார்த்தோம். சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே தாமதிக்காமல் வைத்தியம் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் காலுலதான்மா மிஷின் மிதிக்கிறேன், தெரியுமில்ல?"

நான் தோற்ற வாதம்

புண் ஓரளவு ஆறி, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, தையல் கம்பெனி சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சட்டையின் நடுப் பொத்தான்கள் இரண்டும் அவருடைய தொப்பையோடு போராடிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் நடக்க விடுங்கள், மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட விடுங்கள் என்றேன். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள் நான். கை நீட்டிப் பேசினேன். அவர் அசையவில்லை. "எல்லாரும் காலாற நடந்துக்கினு இருந்தா சட்டைய யாரு தைக்கிறது?"

அக்காதான் குறுக்கே வந்தார். வெட்டிய துணிக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஒவ்வொரு மிஷினுக்கும் கொண்டுவந்து போடுவது அங்கே வழக்கம். "வண்டி வேணாம் சார். எங்க கட்ட நாங்களே போயி எடுத்துக்கினு வரோம். வண்டி தள்ற ஆளுக்கு வேற வேல குடுங்க. தைக்கிற எண்ணிக்க கொறஞ்சா அப்ப கேளுங்க." வெட்டு மேசை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் அவர். எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வரிசைப் பெண்களும் எழுந்தார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸ்கள் திறந்தன; அக்காவின் பாக்ஸில் கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, ஒரு முட்டை.

கடைசி நாள்

என் களப்பணி முடியும் நாளில் மறுபடி எடை பார்த்தோம். விரல் பிழைத்துவிட்டது, சர்க்கரையும் பாதிக்கு வந்திருந்தது. எடை மட்டும் இரண்டே கிலோ குறைந்திருந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "இவ்ளோ நடந்தும் ரெண்டு கிலோதானா?" என்றார். நான் ஆவேசமாக வாயைத் திறந்தேன். ஆறு மாதம் ஊர் ஊராக வாதாடி நான் சொல்லி முடிக்காததை, மிஷினைவிட்டு இறங்கிய தனலட்சுமி அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "கிலோவ வுடுங்க சார், காலு வெரலு பத்தும் எங்கிட்டயே இருக்குது, இப்ப நீங்க ஏறுங்க, உங்களுக்கும் குத்திப் பாத்துடலாம்."