ஹைதராபாத்தில் ஐந்து நாள், மௌனிகாவுடன்

செவ்வாய், காலை 9.30. மெல்பர்னில் கிளம்பி, சிங்கப்பூரில் ஏழு மணி நேரம் காத்துக் கிடந்து, ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் இறங்கினோம். நானும் என் கணவர் முருகனும். இரண்டு பெட்டிகள். ஒன்றில் எங்கள் துணி, மற்றதில் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கான துணி. சரியான அளவு தெரியாததால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கியிருந்தேன்.

தத்தெடுக்க விண்ணப்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உத்தரவு வந்துவிட்டது, குழந்தையின் பாஸ்போர்ட்டும் விசாவும் தயார். மருத்துவச் சான்று ஒன்று மட்டும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார்கள். திரும்ப டிக்கெட் ஞாயிறு காலை. இடையில் இருக்கும் நாட்களில் பிள்ளையோடு ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஒட்டுதல் வரும் என்று குழந்தைகள் இல்லத்தின் சமூகப் பணியாளர் சொல்லியிருந்தார்.

நாங்கள் தங்கவிருந்த சைனிக்புரிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர், வாடகை 1,650 ரூபாய். வெளிவட்டச் சாலையின் இரு பக்கமும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. யாரோ அடுக்கிவைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போனது போல இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களான எங்களுக்குப் பாறை புதிதில்லை. இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாறைகளை நான் பார்த்ததில்லை.

நாங்கள் தங்கிய வீடு ஸ்டெல்லா ஆன்ட்டியுடையது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். குஷாய்குடா பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடி அறையை வாடகைக்கு விடுகிறார், சாப்பாட்டோடு நாளுக்கு 2,200 ரூபாய். எங்களுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தையும் வராது. குழந்தை மௌனிகாவுக்கோ தெலுங்கு தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் ஐந்து நாளும் எங்களோடு வந்து பேச்சை மாற்றிச் சொல்ல ஆன்ட்டி சம்மதித்திருந்தார்.

அந்தக் குடியிருப்பின் பகல் அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாயில்களில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளின் பெயரும் பதவியும் எழுதிய பலகைகள். கத்தரித்த செடிகள், கூட்டிய தெரு. ஆள் நடமாட்டம் மட்டும் இல்லை.

புதன், காலை 11 மணி. இல்லத்தின் அலுவலக அறையில் மௌனிகாவை எங்கள் கையில் கொடுத்தார்கள். ஒல்லியான குழந்தை, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தானாக வந்து மடியில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் படங்களைப் போன வருடமே ஒரு ஆல்பத்தில் இல்லத்திலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டார்களாம், தினமும் பார்ப்பாள் என்று சமூகப் பணியாளர் சொன்னார்.

வண்டியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், சுண்டுவிரல் நகத்தால் என் தாடையோரம் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தாள். காதுக்குக் கீழே தொடங்கி மோவாய் வரை போய், மறுபடியும் காதுக்கு வந்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கவனமாக எதையோ தேடினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“எப்புடு தீஸ்தவ்?”

ஆன்ட்டி முன்சீட்டிலிருந்து திரும்பினார். “நீ எப்போ கழட்டுவன்னு கேக்குது. கம்மலைச் சொல்லுதோ என்னவோ.”

நான் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிற்பகல் 3 மணி. குழந்தை தூங்கும்போது அவளுடைய துணிப்பையைப் பிரித்தேன். இரண்டு கவுன், ஒரு சீப்பு, அந்த ஆல்பம். முதல் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நானும் முருகனும் நிற்கும் படம். அதன் மேல் மூலை நகத்தால் கிளப்பப்பட்டு, என் முகம் பாதி வரை சுருண்டிருந்தது. அடியில் வேறொரு முகம். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பெண் ஒருத்தி, பனியில் மண்டியிட்டு, பழுப்பு நாய் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எங்கள் படம் ஒவ்வொன்றின் அடியிலும் அவள் இருந்தாள். கீழே தெலுங்கில் ஒரே ஒரு சொல். என்ன என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். அம்மா என்றார்.

ஆன்ட்டி சமூகப் பணியாளருக்குப் போன் போட்டார். மௌனிகாவை முதலில் கனடாவில் இருக்கும் ஒரு தெலுங்குத் தம்பதிக்குத்தான் நிச்சயித்திருந்தார்களாம். அந்த அம்மாள் அனுப்பிய ஆல்பம் இது. புறப்பட வேண்டிய மாதத்தில் நோயில் இறந்துபோனாள், கணவர் விலகிக்கொண்டார். குழந்தை ஆல்பத்தைக் கையிலிருந்து விடவில்லை. அதனால் எங்கள் படங்களை அதிலேயே மேலே ஒட்டிவிட்டார்கள். பழையதை மறந்திருப்பாள் என்று நினைத்தார்களாம். அம்மா வருவாள் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள்.

என் தாடையில் அவள் எதைத் தேடினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடியில் உள்ள படங்களை எடுத்துவிடலாம் என்றார் முருகன். எனக்குக் கை வரவில்லை. எழுந்ததும் குழந்தை மறுபடி அதையே கேட்டாள். நம் வீட்டுக்குப் போனதும் கழற்றுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆன்ட்டி உடனே மொழிபெயர்க்கவில்லை. “நக்கோ வசந்தி. இது வேணாம்மா. கைக்கூ? எதுக்கு இந்தப் பொய்? அங்க போயி என்ன கழட்டுவ நீ?”

எனக்கு நான்கு நாள் போதும், விமானம் ஏறிவிட்டால் போதும் என்று இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அவள் என்னோடு வரமாட்டேன் என்றால் என்ன செய்வேன்? கெஞ்சிக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் சொன்னதைத் தெலுங்கில் சொன்னார். மௌனிகா சமாதானமாகத் தலையாட்டினாள்.

வியாழன், காலை 11.15. மூசி ஆற்றங்கரையில் உள்ள அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய். பன்னிரண்டு மணிக்குப் பெரிய கடிகாரத்திலிருந்து பொம்மை மனிதன் வெளியே வந்து மணியடிப்பதைப் பார்க்க, கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் சினிமாவுக்கு வந்தது போல உட்கார்ந்திருக்கிறார்கள். மௌனிகாவுக்கு அதில் மனம் போகவில்லை. ஒரே மரத்தில் இருபுறமும் செதுக்கிய சிற்பம் ஒன்று அங்கே உண்டு. முன்னால் மிடுக்கான ஓர் ஆண், அவன் முதுகாகத் தலைகுனிந்த ஒரு பெண். பின்னால் ஒரு கண்ணாடி வைத்திருப்பதால் முன்னே நின்றாலும் பெண் தெரிகிறாள். குழந்தை கண்ணாடியைப் பார்த்தாள். சிற்பத்தைச் சுற்றிப் பின்னால் எட்டிப்பார்த்தாள். பிறகு மெதுவாக என் முதுகுப் பக்கம் வந்து நின்றாள்.

அன்று முழுக்க அவள் என் பின்னாலேயே நடந்தாள். சார்மினார் அருகே வளையல் கடைகளில் நான் திரும்பினால் அவளும் கூடவே திரும்பி என் முதுகுக்கு வந்துவிடுவாள். யாரோ ஒருத்தி எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்ற நினைப்பு எனக்கே வந்துவிட்டது. கடைக் கண்ணாடிகளைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளி. சான்றிதழ் கிடைத்தது. மாலையில் சைனிக்புரித் தெருக்களில் நடந்தோம். நாய் குரைக்கும் வாயில் ஒவ்வொன்றிலும் அவள் நின்று கம்பிகளுக்கிடையே பார்த்தாள். பழுப்பு நாய் எதுவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பொறுமைதான் இருந்தது. அந்தப் பொறுமை என்னை மிகவும் பயமுறுத்தியது.

சனி, பிற்பகல் 2.40. கோல்கொண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குதுப் ஷாஹி கல்லறைகள். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பெரிய தோட்டம், நடுநடுவே வெங்காயம் போலத் திரண்ட குவிமாடங்கள். வெயிலுக்குப் பயந்து கூட்டம் இல்லை. ராஜாக்களின் கல்லறைகளோடு, பெயரே இல்லாத சிறிய கறுப்புக் கல் சமாதிகளும் வரிசையாக இருக்கின்றன. சில ஒரு முழத்துக்கு மேல் இல்லை. இங்கே யார் தூங்குகிறார்கள் என்று மௌனிகா கேட்டாள். முன்னால் இருந்தவர்கள் என்று ஆன்ட்டி பதில் சொன்னார்.

முருகன் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நானும் ஆன்ட்டியும் ஒரு மர நிழலில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் குழந்தை இல்லை.

கூப்பிட வாயெடுப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கல்லறைக்கு உள்ளிருந்து, “அம்மா.”

மூன்று நாளில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னை அவள் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. ஓடிப்போய் வாசலில் நின்றேன். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வௌவால் நாற்றம். மேலே குவிமாடம் அவள் கூப்பிட்டதை எடுத்து, நீட்டி, வேறு குரலாக்கித் திருப்பிக் கொடுத்தது. அம்மா. அவள் நிறுத்திக் கேட்டாள். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி பதில் வந்தது.

கண் பழகியபோது, நடுவில் இருந்த கறுப்புக் கல்லின் ஓரத்தில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பேசினாள், நிறுத்தினாள், தலையாட்டினாள். அவள் முணுமுணுப்பு மேலே போய்க் குழம்பிக் கீழே வரும்போது இரண்டு பேர் பேசுவது போலவே இருந்தது. என் கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

என் பின்னால் வந்த ஆன்ட்டி காது கொடுத்துக் கேட்டார். அவர் கை என் தோளை இறுகப் பிடித்தது.

“என்ன சொல்றா ஆன்ட்டி?”

“‘நீ இங்கயா இருக்க, நான் அவகிட்ட தேடிட்டு இருந்தேன்’னு சொல்லுது.”

அதற்குமேல் பொய்யோடு நிற்க என்னால் முடியவில்லை. உள்ளே போய்க் குழந்தை முன் மண்டியிட்டேன். நான் சொல்லச் சொல்ல ஆன்ட்டி தெலுங்கில் சொன்னார். அந்த அம்மா உடம்பு சரியில்லாமல் போய் இறந்துவிட்டாள். நான் வேறொருத்தி. என் முகத்துக்கு அடியில் யாரும் இல்லை. நான் சொன்னது பொய், தப்பு என்னுடையது. ஆன்ட்டியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் குவிமாடம் இன்னொரு தடவை சொன்னது. குழந்தை இரண்டு தடவையும் கேட்டாள்.

பிறகு கேட்டாள், அப்படியென்றால் நீ யார் என்று.

என்ன சொல்ல என்று ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அவளையே சொல்லச் சொல்லுங்கள் என்றேன். மௌனிகா வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். நகம் தாடைக்கு வரவில்லை.

“பின்னி,” என்றாள்.

சித்தி. தெலுங்கில் அம்மாவின் தங்கைக்கும் அந்தச் சொல்தான், அம்மா போனபிறகு வருகிறவளுக்கும் அந்தச் சொல்தான். ஆன்ட்டி தயங்கித் தயங்கித்தான் அர்த்தம் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது என்று தலையசைத்தேன். வெளியே வெயிலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக எனக்குப் பக்கத்தில் நடந்தாள்.

ஞாயிறு, காலை 7.10. விமான நிலையம், குடியேற்றச் சோதனை. ஆன்ட்டியிடம் வாசலிலேயே விடைபெற்றுவிட்டோம். அதிகாரி ஒரு பெண்மணி, தெலுங்குக்காரர். தாள்களைப் புரட்டிவிட்டு, என்னைக் காட்டிக் குழந்தையிடம் இவர் யார் என்று கேட்டார்.

“பின்னி.”

தாள்களில் அம்மா என்று இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் இருவரையும் தள்ளி உட்காரச் சொன்னார். உத்தரவை வேறொருவருக்குக் காட்டினார். யாருக்கோ போன் செய்தார். முப்பத்தைந்து நிமிடம். முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்மணி குழந்தையை மட்டும் கூப்பிட்டு, குனிந்து ஏதோ கேட்டார். மௌனிகா நிதானமாகப் பதில் சொன்னாள். கொஞ்சம் நீளமான பதில். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னாலும் ஒரு கணம் பார்த்தார். முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார்.

மெல்பர்ன் வந்து எட்டு மாதம் ஆகிறது. சைனிக்புரி போலத்தான் எங்கள் தெருவும் பகலில் ஆளற்றுக் கிடக்கும். ஊருக்கு ஊர் அமைதி ஒன்றுதான் போலிருக்கிறது. மௌனிகா தமிழ் பேசுகிறாள், பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறாள். எங்கள் படங்களுக்குத் தனியாக ஒரு ஆல்பம் போட்டாயிற்று, பழையது அவள் அலமாரியில் இருக்கிறது. என்னைப் பின்னி என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் உறுத்தியது. இப்போது அவள் கூப்பிடாத நாளில்தான் உறுத்துகிறது.

போன வாரம் தலைவாரிக்கொண்டிருக்கும்போது, விமான நிலையத்து அதிகாரியிடம் அன்றைக்கு என்ன சொன்னாய் என்று சும்மா கேட்டேன்.

“அம்மாவால வர முடியாதுன்னு சொன்னேன். அதான் பின்னியை அனுப்புனாங்கன்னு சொன்னேன்.”

“யாரு அப்படிச் சொன்னது உனக்கு?”

“அம்மாதான். அன்னைக்கு உள்ளே வச்சு. நீ வாசல்ல நின்னியே பின்னி, கேக்கலையா?”

கேட்டது என்று சொன்னேன். மறுபடி பொய் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.