எதுவும் நினைவிருக்காது

எங்கள் ஐசியுவின் தலைமை டாக்டருக்கு நோயாளிகள் கண் திறப்பது பிடிக்காது. வாயில் குழாயோடு யாராவது விழித்துப் பார்த்தால், அனுமதி கேட்காமல் தன் அறைக்குள் நுழைந்துவிட்டதுபோல முகம் சுளிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் அவருக்குக் கீழே ஜூனியர் டாக்டர். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அவர் வகுத்த அளவில் மயக்க மருந்து கொடுத்தால், பிழைத்தெழுந்த பிறகு எதுவுமே நினைவிருக்காது என்று நிரூபிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆரம்பிக்கும்போதே நிரூபித்து முடித்த தோரணை அவரிடம் இருந்தது.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கடுமையான நிமோனியாவோடு வந்தார். குழாய் போட்டோம், கணவரின் சம்மதத்தோடு ஆராய்ச்சியிலும் சேர்த்தோம். ஒருநாள் ரவுண்ட்ஸில் தலைமை டாக்டர் அவருடைய கால்மாட்டில் நின்று பிஸ்கட் தின்றார். உள்ளே யாரும் சாப்பிடக் கூடாது என்று போர்டு மாட்டியவரும் அவரே. துகளை அந்த அம்மாளின் போர்வைமேல் தட்டிவிட்டு, "இவங்க தேறமாட்டாங்க. சும்மா பெட்டை அடைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் வாய் திறந்தால் சிரிப்பதற்கு எங்கள் படிப்பில் தனிப் பாடம் தேவைப்படவில்லை.

ஆசிரியை தேறிவிட்டார். வார்டுக்கு மாற்றியதும், ஆராய்ச்சிக்கான கேள்வியோடு அவரிடம் போனோம்.

"டீச்சர், ஐசியுல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?" தலைமை டாக்டரின் குரலில் அலுப்பு.

"இருக்கு டாக்டர்." குழாய் உரசிய தொண்டை கரகரத்தது. "கண்ணைத் திறக்க முடியல. காது கேட்டுச்சு. நான் பெட்டை அடைச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னீங்க. மொறுமொறுன்னு எதையோ மென்னுக்கிட்டே சொன்னீங்க. நான் உள்ளுக்குள்ள கத்தினேன், உயிரோடதான் இருக்கேன்னு. ஒருத்தருக்கும் கேக்கல."

பக்கத்தில் இருந்த கணவர் விருட்டென்று எழுந்தார். தலைமை டாக்டர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன், அவ்வளவு வெகுளி. அவர் சிரித்தார்.

"அதெல்லாம் மருந்து காட்டுற கனவு, டீச்சர். நிறையப் பேருக்கு வரும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். தன் புத்தியையே சந்தேகிக்கும் பார்வை அது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கனவு இல்ல டீச்சர். நானும் அங்கதான் நின்னேன். சார் அப்படித்தான் சொன்னார்."

ஆசிரியை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கணவர் வாசலைக் காட்டி, "போங்க வெளியே" என்றார். என்னைச் சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் தலைமை டாக்டர், "நினைவில்லைன்னு போட்டுடு" என்றார், டீ சொல்வதுபோல.

"போட மாட்டேன் சார்."

"உனக்கெல்லாம் ஆராய்ச்சி வராது."

அவருடைய ஆராய்ச்சி எனக்கு வராமல் போனதில் இன்றும் வருத்தமில்லை. என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டார். வந்தவர் 'நினைவில்லை' என்றே எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் நான் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். ஆசிரியை உடம்பு தேறி வகுப்புக்குத் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சி ஒரு நட்சத்திர ஹோட்டலில் அரங்கேறிக் கைதட்டல் வாங்கியது.

அந்த மனிதர் இப்போதும் மேடை ஏறுகிறார். நோயாளிகளின் கண்ணியம் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்களாம். நன்றாகவே பேசுகிறாராம்.