நாடாவுக்கு அந்தப்பக்கம் காய்ந்த நெல்

ஒட்டுசுட்டானில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு நெல் காயவிடும் சீமெந்துத் தளம் கட்டி முடித்து மூன்று வாரமாகியும் அதில் ஒரு மணி நெல் விழவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாடா வெட்ட வேண்டுமாம். அதுவரை அபிவிருத்தி பூட்டுக்குள் இருந்தது. நாங்கள் வழக்கம்போலத் தார் வீதியில் நெல்லைப் பரப்பி, பஸ்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த முறை அறுவடையோடு மழையும் வந்து சேர்ந்தது. என் இரண்டு ஏக்கர் நெல்லும் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தது. கையை விட்டால் உள்ளே சுட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் முளைத்துவிடும். பயந்துபோய் அமைப்பின் தலைவரிடம் ஓடினேன். நாளைக்குத்தான் பெரியவர் வருகிறார், திறக்காத தளத்தில் நெல் கிடந்தால் தன் பதவி போய்விடும் என்று அவர் என்னைவிடப் பயந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினேன்.

“வெறும் சீமெந்தைத் திறந்துவைச்சா படத்தில என்னத்தைக் காட்டுறது, ஐயா? நெல்லுப் பரவியிருந்தா வடிவா இருக்குமெல்லோ.”

படம் என்றதும் மனிதர் இளகிவிட்டார். கொஞ்சம் மட்டும் பரப்பச் சொல்லிப் பூட்டின் திறப்பைத் தந்தார். விடியற்காலையிலேயே எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துக் கொட்டினேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பெரியவர் ஒரு மணிக்கு வந்தார். மழை விட்டிருந்ததால் அதுவரை வெயில் எனக்காக உழைத்தது. நாடாவை வெட்டிவிட்டு உள்ளே கால்வைக்கப் போனவரை மறித்தேன். நெல்லைச் செருப்போடு மிதிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் சிரித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். பின்னால் நின்ற அதிகாரிகளும் பதவி வரிசையில் கழற்றினார்கள்.

“காலை இழுத்து இழுத்து நடவுங்கோ, ஐயா. அப்பத்தான் அடிநெல்லும் காயும்.”

கமரா அவரைச் சுற்றியது. அவர் தளத்தைச் சுற்றினார். பின்னால் அதிகாரிகள், கடைசியில் என்னை முறைத்தபடி எங்கள் தலைவர். இவ்வளவு பெரிய கால்கள் என் நெல்லைக் கிண்டியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பின்னேரம் அள்ளும்போது நெல் கலகலவென்று காய்ந்திருந்தது.

மறுநாள் தளத்து வாசலில், யார் எப்போது நெல் காயவிடலாம் என்ற முறைப்பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தலைவர் முதலாவது, பிறகு செயலாளர், பொருளாளர், அதன்பின் காணி கூடியவர்கள். என் பெயர் கடைசிக்கு முதல். எனக்கு அதில் கவலையில்லை. என் நெல் வீட்டில் இருந்தது.

கடைசிப் பெயர் எங்கள் பக்கத்து வளவு அக்காவுடையது. அரை ஏக்கர்க்காரி. திரும்பி வரும்போது வீதியில் ஈர நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நெல்லைக் காலால் கிண்டியபடியே கேட்டார்:

“அடுத்த பெரியவர் எப்ப வாறாராம்?”