தாமே வேய்ந்த ஓடுகளைத் தாமே இறக்கிய அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினருக்கும் அன்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். "நல்லதை மட்டும் எழுதக்கா" என்றான் தம்பி. அப்படி எழுதினால் அப்பாவை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள். அவருக்கு மூக்கின் மேல் கோபம் என்பது இராயபுரம் முழுவதும் அறிந்த சேதிதானே.

பழவேற்காட்டில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, இராயபுரத்தில் தாய்மாமன் நிழலில் வளர்ந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு கிரேன் ஓட்டுநர் ஆனார். யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது, பொன்னேரிப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டில் பாதியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். "அவுங்க உப்பைத் தின்னவங்க நாம, மறந்துடாதீங்க" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கடனை அவர் அவர்களுக்குத் தீர்க்கவில்லை. வேறொரு குடும்பத்துக்குத் தீர்த்தார்.

அப்பாவின் துறைமுகத் தோழர் கன்னியப்பன் மாமா, பாலம் கட்டும் வேலைக்காக அசாமுக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். அங்கே பூமி அதிர்ந்ததில் அவர்கள் குடியிருந்த கல் கட்டடம் இடிந்து விழுந்தது. கடைக்குட்டிப் பையன் அதில் போய்விட்டான். மாமாவும், அவர் மனைவி முனியம்மா அத்தையும், இரண்டு பெண்களும் கட்டிய துணியோடு இராயபுரம் வந்து சேர்ந்தார்கள். உறவினர் ஒருவர் வீட்டு முற்றத்தில், வானத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்கள். உள்ளே இடமில்லாததால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க அப்பா களத்தில் இறங்கினார். தண்டையார்பேட்டை மரக்கடை கரீம் பாய் கைமரமும் சட்டமும் அனுப்பினார். துறைமுகத் தோழர்கள் தங்கள் ஓய்வு நாட்களைக் கொடுத்தார்கள். ஆளாளுக்குக் கீற்றே போதும் என்றபோது அப்பா ஒரே பிடிவாதமாக ஓடுதான் போட வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் குடிசைகள் பற்றி எரியும். ஒரு பொறி விழுந்தால் தெருவே சாம்பல். ஆகவே ஓட்டு வீடு என்பது எங்களவர்களுக்கு ஆயுள் காப்பு மாதிரி. செங்கல் சுவர் எழும்பியது. ஓடுகளை அப்பாவே மேலே ஏறி வேய்ந்தார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. வாசலில் மாவிலை கட்டியாயிற்று. பால் பாத்திரத்தை நான்தான் வைத்திருந்தேன். முனியம்மா அத்தை வாசற்படி வரை வந்து, நிமிர்ந்து ஓடுகளைப் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்தார்.

"அண்ணே, கோச்சிக்காதே. தலைக்கு மேல கனமா கீது. என்னால உள்ள வர முடியாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்ளோ பாடுபட்டுக் கட்டிக் குட்த்தா, இன்னா பேச்சு பேசுது பாரு" என்றார் ஒருவர். மாமா தலை குனிந்து நின்றார். அப்பாவின் முகம் சிவந்ததைக் கண்டு, இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் பயந்தேன்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அது முணுமுணுத்தவர்மேல் பாய்ந்தது. "வூடு யாருக்குய்யா? உனக்கா, அதுக்கா?" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "தப்பு என்னுதும்மா. புள்ளைய பறிகுட்த்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கட்டிட்டேன். நீ இங்கயே காய்ச்சு."

அடுப்பை அவரே வெளியே தூக்கி வந்து வைத்தார். திறந்த வெளியில், காற்றுக்கு நாங்கள் புடவையை மறைப்பாகப் பிடிக்க, அத்தை பால் பொங்கவிட்டார். அன்று மாலைக்குள் அப்பா மேலே ஏறித் தாம் வேய்ந்த ஓடுகளைத் தாமே இறக்கினார். சுவரை இடுப்பளவுக்குக் குறைத்து, மேலே தட்டி கட்டி, கீற்று வேய்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அத்தையும் பெண்களும் ஒரு கூரையின் கீழ் படுத்தார்கள். கோடை முழுவதும், வேலை முடிந்து வந்ததும் அப்பா நேரே அங்கே போய்க் கீற்றின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். "அந்த வூட்டையே கட்டிக்கிறது தானே" என்று அம்மா கேலி செய்வார்.

இறக்கிய ஓடுகள் எங்கள் வீட்டுக் கூரைக்கு வந்தன. அதனால் அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. பண்டிகையோ விசேஷமோ, தெருவில் நின்றே "அண்ணே" என்று கூப்பிடுவார். அப்பாவும் தட்டோடு வெளியே போய் அவரோடு நின்று சாப்பிடுவார்.

நெஞ்சுவலியில் அப்பா படுத்தபோது இரவு பகல் பாராமல் வந்த டாக்டர் ஐயாவுக்கும், முறை வைத்துக் கூட இருந்த துறைமுகத் தோழர்களுக்கும், கேட்காமலே பந்தல் போட்டுக் கொடுத்த கரீம் பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் எங்களை உரிமையோடு கோபித்துக்கொள்ளலாம். அப்பாவோடு பழகியவர்களுக்குக் கோபம் புதிதல்ல.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது முனியம்மா அத்தை தெருவில் வந்து நின்றார். நான் பழக்கத்தில் நாற்காலியை வெளியே எடுத்துப் போனேன். அவர் அதை வாங்கவில்லை. "அண்ணன் உள்ள படுத்துகினு கீறப்போ, நான் மட்டும் இன்னாத்துக்கு வெளிய நிக்கணும்?" என்று சொல்லிவிட்டு, படியேறி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு தரம்கூட மேலே பார்க்கவில்லை.