வியாழக்கிழமை சுட்ட கை

'நீ எழுந்தாய், நீ நடந்தாய், நீ அழுதாய்' என்று முழுக்க முன்னிலையிலேயே எழுதின கதை கையில் கிடைத்தால், கதையை விட்டுவிட்டு அந்த 'நீ' யார் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். எழுதினவர் ஏதோ புதுமைக்காகச் செய்திருப்பார். எனக்கு அதற்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்திருப்பதாகத்தான் படும். படித்து வந்த அறிவில்லை இது. பட்டு வந்தது. அதுவும் பிந்தி வந்ததால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுடையது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். அக்காவை விளாத்திகுளத்துக்குத் தெற்கே, மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒரு பெரிய சம்சாரி வீட்டில் கொடுத்திருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. தினமும் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய் டைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வாய் எனக்குத்தான். அக்கா வாயைத் திறக்கவே மாட்டாள், உள்ளே ஈ போனால்கூட வெளியே வர வழி கேட்கும்.

அக்காவிடமிருந்து மாதம் ஓர் இன்லண்டு கடிதம் வரும். எழுதி முடித்ததை அவளே ஒட்டிவிட முடியாது. கொழுந்தன்தான் தபாலில் போடுவான். அதற்கு முன்னால் அதைத் தன் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டுவான். எங்கள் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மருமகள் எழுதினாலும் அது வீட்டுக் கடிதம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் எந்தக் கடிதத்தையும் நான்தான் சத்தமாக வாசிப்பேன்.

முதல் ஆறு மாதம் கடிதம் அப்பா பேருக்கு வந்தது. பிறகு என் பேருக்கு வர ஆரம்பித்தது. வந்ததெல்லாம் புத்திமதி. 'நீ வாழப்போகிற வீட்டில் கோழி கூப்பிடும் முன்னே எழுந்துவிடுவாய். நீ தண்ணீர் எடுத்து, சாணி அள்ளி, வேலையாட்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவாய். நீ சாப்பிட உட்காரும்போது சட்டியில் ஒன்றும் இருக்காது. கேட்காதே. உன்னை ஊமை என்பார்கள். சிரித்துக்கொள்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை, அதற்குள் சட்டியில் சோறு இல்லையாம். "தாலி ஏறிட்டா எல்லாரும் பெரிய மனுசிதான்" என்று அம்மாவிடம் நொடித்தேன். 'எட்டு மணிக்கு எழுந்திருக்கிற வீடாகப் பார்த்து நான் போய்க்கொள்கிறேன், நீ கவலைப்படாதே' என்று பதில் எழுதினேன். அதையும் கொழுந்தன் வாசித்திருப்பான், எல்லாரும் சிரித்திருப்பார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல ஒப்பித்துவிட்டு மடித்துப் பைக்குள் போட்டேன். மறுநாள் பஸ்ஸில் பொழுது போகாமல் எடுத்துப் பார்த்தேன். 'கை சுட்டுக்கொண்டால் சத்தம் போடாதே. என் கவனக்குறைவு என்று சொல். வியாழக்கிழமை சுட்டது ஞாயிற்றுக்கிழமையும் எரியும். அந்தக் கையோடு மிளகாய் அரைக்கச் சொல்வார்கள். அரை.'

என்றைக்கோ ஆகப்போகிற கல்யாணத்தில் என்றைக்கோ சுடப்போகிற கைக்கு வியாழக்கிழமை எப்படி வந்தது? புத்திமதியில் கிழமை வருமா? வாசித்துக் கேட்ட மாமியார் வீட்டார் அதைக் கவனிக்கவில்லை. முதல் தடவை நானும் கவனிக்கவில்லை.

வகுப்புக்குப் போகவில்லை. வழியிலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பழைய கடிதங்களை எடுத்துவந்து, 'நீ' இருந்த இடத்திலெல்லாம் 'நான்' போட்டு வாசித்தேன். நான் சாப்பிட உட்காரும்போது சட்டியில் ஒன்றும் இருக்காது. என்னை ஊமை என்பார்கள்.

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். "ஏட்டி, இது ஒனக்கு எழுதுனது இல்லையா?"

"இல்லம்மா. அவ கதையத்தான் எழுதியிருக்கா."

"இன்னொருக்கா வாசி."

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த அப்பா முதலில் நம்பவில்லை. "அக்கான்னா தங்கச்சிக்குப் புத்தி சொல்லத்தான் செய்வா. இதுல என்னத்தக் கண்ட?" என்றார். வியாழக்கிழமையை விரலால் தொட்டுக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தடவை வாசித்தார்.

"சரி, எதைச் சொல்லிக்கிட்டுப் போக? அவிய கூப்பிடல. நாம போயி நின்னா, காகிதம் போட்டு வரவழைச்சுட்டான்னு அதுவும் அவ தலையிலதான் விடியும்."

அதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பெண் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. தை பிறந்தால் பொங்கல்படி கொண்டுபோகலாம். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம் என்று பிறந்த வீட்டுச் சீர். யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்க முடியாது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அம்மா வியாழக்கிழமைகளில் சாப்பிடவில்லை. அப்பா கேட்டதற்கு விரதம் என்றாள்.

பொங்கல்படியோடு அப்பாவும் நானும் போனோம். "வாங்க அண்ணாச்சி" என்று அக்காவின் மாமியார் வாய் நிறையக் கூப்பிட்டாள். காப்பி கொண்டுவந்த அக்கா பாதியாக இருந்தாள். இடது மணிக்கட்டில் வளையல்களை மேலே ஏற்றி விட்டிருந்தாள். அவை மறைத்தது போக மிச்சம் கறுப்பாகத் தெரிந்தது. மாமியார் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

"தங்கச்சிக்கு எம்புட்டுப் புத்தி எழுதுதா தெரியுமா? கேக்க எங்களுக்கே ஆசையா இருக்கும்" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "எழுதுனதெல்லாம் வெளங்குச்சாட்டி?"

"வெளங்குச்சுக்கா. பிந்தித்தான் வெளங்குச்சு."

"அப்படி ஒரு வீடு வாச்சா நீ என்ன செய்வ?"

"எங்க அப்பா வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாவ."

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பாவை நேராகப் பார்த்தாள்.

அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். தம்ளரைப் பார்த்தபடியே, "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா பெறகு கஷ்டம். பெறப்படுவமா?" என்று என்னிடம் கேட்டார்.

மூத்தவளைத் திருப்பிக் கூட்டிவந்தால் இளையவளை யார் கட்டுவார்கள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இளையவள் நான். ஊர் வாயை அடைக்கிற வாய் என்று பேர் வாங்கினவள், செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன்.

மாசியில் கடிதம் வந்தது. என் பேருக்கு இல்லை, அப்பா பேருக்கு. 'நான் இங்கு சௌக்கியமாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.' அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "பாத்தியா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா கடிதத்தை என்னிடம் நீட்டினாள். எழுதியிருந்தபடியே வாசித்தேன்.

"மாத்தி வாசிட்டி" என்றாள் அம்மா.

மேலும் கீழும் தேடினேன். மாற்றுவதற்கு அதில் ஒரு 'நீ' கூட இல்லை.